சுடலையை எடுத்துவிட்டால் ‘ஸ்பைடரில்’ என்ன மிச்சம்?

2017 செப்டம்பர் 27 அன்று தமிழிலும் தெலுங்கிலும் ஒரே நாளில் வெளியான ‘ஸ்பைடர்’, ஏ.ஆர். முருகதாஸின் சுமாரான படங்களில் ஒன்று. மகேஷ் பாபுவின் முதல் நேரடித் தமிழ்ப் படம். இசை ஹாரிஸ் ஜெயராஜ், ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன், படத்தொகுப்பு ஸ்ரீகர் பிரசாத், கதாநாயகி ரகுல் பிரீத் சிங். இத்தனை பெரிய பெயர்கள் சேர்ந்தும் படம் எதிர்பார்த்த உயரத்தைத் தொடவில்லை. பார்த்தவர்களிடம் இன்று கேட்டால் பாட்டு நினைவுக்கு வருவது சிரமம். நாயகனுக்கு எந்த இலாகாவில் வேலை என்பதுகூடக் குழம்பும். சுடலை என்ற பெயரைச் சொன்னால் மட்டும் முகம் மாறும். எஸ்.ஜே. சூர்யா நடித்த அந்த வில்லன்தான் படம் இன்னும் பேசப்படுவதற்கான ஒரே காரணம்.

படத்துக்குப் பின்னால் ஒரு சுவையான உறவுக் கணக்கு உண்டு. முருகதாஸ் கள்ளக்குறிச்சிக்காரர். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் எலவனாசூர்கோட்டையையும் தியாகதுருகத்தையும் தாண்டினால் வருகிற அதே கள்ளக்குறிச்சி. 2001 பொங்கலுக்கு வந்த ‘தீனா’ மூலம் இயக்குநராவதற்கு முன் முருகதாஸ் எஸ்.ஜே. சூர்யாவிடம் உதவி இயக்குநராக இருந்தவர். சூர்யா தமிழில் தானே நாயகனாக நடித்து இயக்கிய ‘நியூ’ 2004இல் தெலுங்கில் ‘நானி’ என்று வந்தபோது, அதில் நாயகன் மகேஷ் பாபு. ஆக ‘ஸ்பைடர்’ படப்பிடிப்பில் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் சூர்யாவின் பழைய சீடர். எதிரே நின்ற நாயகன் சூர்யா ஒருகாலத்தில் இயக்கிய நடிகர். நடுவில் வில்லன் வேடத்தில் குரு. இப்படி ஒரு ஏற்பாடு தமிழ் சினிமாவில் அபூர்வம்.

கதை இதுதான். நாயகன் சிவா உளவுத்துறையில் தொலைபேசிப் பேச்சுகளை ஒட்டுக்கேட்கும் பிரிவில் இருக்கிறான். மேலிடம் கேட்கச் சொன்னதைக் கேட்பதோடு அவன் நிற்பதில்லை. அழுகை, பயம், உதவிக்கான கூப்பாடு இவை வரும் அழைப்புகளைத் தனியே பிரித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றைத் தானே எழுதி வைத்திருக்கிறான். குற்றம் நடப்பதற்கு முன்பே அங்கே போய் நிற்க வேண்டும் என்பது அவன் கொள்கை. ஓர் இரவு பயந்துபோன ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது. தனக்குத் தெரிந்த பெண் காவலரைத் துணைக்கு அனுப்புகிறான். விடிந்தால் இரண்டு பேருமே பிணம். கொலைகாரனைத் தேடிப் போகும் வழியில்தான் சுடலை வெளிப்படுகிறான். சுடுகாட்டில் பிறந்து வளர்ந்தவன், சாவு வீட்டு அழுகையைக் கேட்டுக் கேட்டு அதிலேயே இன்பம் கண்டவன். ஊரில் சாவு விழாத நாட்களில் அந்த அழுகை கிடைக்காமல் போகவே, தானே சாவை உண்டாக்க ஆரம்பித்தவன்.

இரண்டு வரியில் சொன்னால் இது நல்ல கதை. அழுகையைக் கேட்டதும் ஓடிப்போய் நிறுத்த நினைக்கும் ஒருவன், அழுகையைக் கேட்பதற்காகவே கொல்லும் ஒருவன். இருவருக்கும் காதுதான் ஆயுதம். முருகதாஸ் இந்த எதிரெதிர் அமைப்பைத் தெரிந்தே போட்டிருக்கிறார் என்று நம்பலாம். ஆனால் திரைக்கதை அதைப் பாதிக்குத்தான் பயன்படுத்துகிறது. நாயகன் பக்கம் எல்லாமே கருவி: திரைகள், எச்சரிக்கை மணி, வரைபடத்தில் நகரும் புள்ளி. கேட்ட குரல் அவனுக்குள் என்ன செய்கிறது என்பதைப் படம் ஓரிரு காட்சியோடு விட்டுவிட்டுக் காதலுக்கும் பாட்டுக்கும் நகர்ந்துவிடுகிறது. சென்னையில் வளர்ந்த மகேஷ் பாபுவுக்குத் தமிழ் தடுமாறவில்லை. தடுமாற்றம் பாத்திரத்தில் இருக்கிறது. எல்லாம் தெரிந்த, எதற்கும் பதறாத, எப்போதும் ஓரடி முன்னால் இருக்கிற நாயகனை வைத்துக்கொண்டு த்ரில்லர் எடுப்பது கஷ்டம். அவனுக்கு ஆபத்து என்று யாரும் நம்பமாட்டார்கள்.

நாயகன் பக்கம் காலியாகக் கிடந்த இந்த இடத்தைத்தான் சூர்யா பிடித்துக்கொள்கிறார்.

சுடலையின் இளமைக்கதையில் சூர்யா இல்லை; ஒரு சிறுவன் நடித்திருக்கிறான். சுற்றிலும் ஒப்பாரி, நடுவில் ஒரு பையன் முகத்தில் மெல்ல விரியும் சிரிப்பு. படத்தின் மிகச் சிறந்த பகுதி அதுதான். வளர்ந்த சுடலை முழுதாகத் திரைக்கு வரும் முன்பே பார்வையாளருக்கு அவனைப் பற்றி ஒன்று தெரிந்துவிடுகிறது: இவனிடம் பேரம் பேச முடியாது. பணம் வேண்டாம், பதவி வேண்டாம், பழிவாங்கவும் எதுவும் இல்லை. முருகதாஸின் மற்ற வில்லன்களுக்கெல்லாம் ஒரு திட்டம் இருக்கும், திட்டத்துக்கு ஒரு முடிவும் இருக்கும். சுடலைக்கு வேண்டியது பசி போல அன்றாடம் வந்துகொண்டே இருப்பது.

இந்தப் பாத்திரத்தை வழக்கமான சைக்கோவாக நடிப்பது எளிது. கண்ணை உருட்டலாம், கழுத்தைச் சொடுக்கலாம், இருட்டில் நின்று முணுமுணுக்கலாம். சூர்யா காதால் நடிக்கிறார். எங்கிருந்தோ ஓர் அழுகுரல் வந்ததும் அவர் பேச்சு நின்றுவிடுகிறது. தலை லேசாகச் சாய்கிறது, இமை தாழ்கிறது, மூச்சு ஒருகணம் தங்கி வெளியே வருகிறது, அதற்குப் பிறகுதான் சிரிப்பு. கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதிர்ந்த ரசிகர் ஒரு நல்ல சங்கதிக்குத் தலையாட்டுவாரே, அந்த முகம். அருவருப்பு அங்கிருந்துதான் வருகிறது. அந்த முகத்தை எல்லோரும் வேறெங்கோ, நல்ல காரணத்துக்காக, பார்த்திருக்கிறார்கள். ரத்தம் காட்டிப் பயமுறுத்தும் இயக்குநர்கள் தமிழில் நிறையப் பேர் உண்டு. ரசனையைக் காட்டிப் பயமுறுத்திய காட்சிகள் சொற்பம்.

குரல் இன்னொரு விஷயம். சூர்யாவின் பேச்சுக்கு ஒரு தனி அளவு உண்டு. வாக்கியத்தின் முதல் பாதியை இழுத்துச் சொல்லி, நடுவில் அறுத்து, கடைசிச் சொல்லைத் தூக்கி எறிவார். அவர் நாயகனாக நடித்த 2000களின் படங்களில் இந்தப் பாணி பலருக்கு எரிச்சல் மூட்டியது என்பதே உண்மை. வில்லனின் வாயில் அதே பாணி வேறு வேலை செய்கிறது. அடுத்த சொல் எப்போது வரும் என்று தெரியாத ஒருவனிடம் எதிரே நிற்பவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருப்பது பயமாக மாறுகிறது. ‘ஸ்பைடரில்’ அவர் இதை அடக்கியே வைத்திருக்கிறார். பிற்காலப் படங்களில் பார்க்கிற வெடிப்பு இதில் குறைவு. அதனால்தான், எதிர்பாராமல் குரல் உயரும் இரண்டு மூன்று இடங்களிலும் கொட்டகை அமைதியாகிறது.

சுடலையைப் பிடிக்க நாயகன் போடும் திட்டம் ஒன்று உண்டு. தன் தாயையும் தம்பியையும் குறிவைத்து வந்த சுடலையை, ஒரு குடியிருப்பில் இருக்கும் சாதாரண இல்லத்தரசிகளை வைத்தே மடக்குகிறான். தொலைக்காட்சிப் போட்டி என்று நம்பி அந்தப் பெண்கள் களத்தில் இறங்குகிறார்கள். நின்று யோசித்தால் நம்பவே முடியாத காட்சி. இருந்தும் படம் பார்க்கும்போது யாரும் யோசிப்பதில்லை, ஏனென்றால் அதற்குள் சுடலை மாட்ட வேண்டும் என்ற ஆசை பார்வையாளருக்குள் முற்றியிருக்கிறது. ஒரு வில்லன் நடிப்பு படத்தைத் தூக்குவதாகச் சொல்வதன் நடைமுறைப் பொருள் இதுதான். கதையில் ஓட்டை எங்கே என்று தேடும் கண்ணை அந்த நடிப்பு தன் பக்கம் இழுத்துவிடுகிறது.

த்ரில்லருக்கு இது மற்ற வகைப் படங்களைவிட அதிகம் பொருந்துகிறது. குடும்பப் படத்தில் வில்லன் பலவீனமாக இருந்தால் அழுகை, பாசம், நகைச்சுவை ஏதாவது ஒன்று ஈடுகட்டும். த்ரில்லரில் முதல் அடி வில்லனுடையது. அவன் செய்ததற்கு நாயகன் பதில் செய்கிறான். அதற்கு அவன் மறுபடி ஏதோ செய்கிறான். கடிகாரத்தை ஓட்டுபவன் அவனே. ஆகவே நாயகன் பாத்திரம் மெலிந்திருந்தாலும் வில்லன் வலுத்திருந்தால் படம் இரண்டு மணி நேரம் நடந்துவிடும். தலைகீழாக நடப்பது அரிது. நாயகன் எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும், எதிரே நிற்பவன் அட்டை பொம்மை என்றால் துரத்தலில் வேகம் இருக்காது.

முருகதாஸின் சொந்தப் படங்களே இதற்குச் சாட்சி. 2011 தீபாவளிக்கு வந்த ‘7ஆம் அறிவு’ போதிதருமரையும் மரபணுவையும் ஒரே கயிற்றில் கட்டப் பார்த்து இடையில் தடுமாறிய படம். அதில் டாங் லீயாக வந்த ஜானி டிரி நுயென் என்ற வியட்நாமிய அமெரிக்கர் அதிகம் பேசவேயில்லை, வெறுமனே பார்த்தார். பார்த்தவர்கள் அவர் நினைத்ததைச் செய்தார்கள். படத்தின் பேருரைகள் மறந்துபோயின, அந்தப் பார்வை மிமிக்ரி மேடைகள் வரை போனது. அடுத்த ஆண்டு ‘துப்பாக்கி’யில் வித்யுத் ஜம்வால்; அந்தத் திரைக்கதை தன் காலிலேயே நிற்கக்கூடியது என்பதால் வில்லன்மேல் பாரம் குறைவு. 2020 பொங்கலுக்கு வந்த ‘தர்பார்’ எதிர்ப்பக்க உதாரணம். ரஜினிகாந்த் முழு உற்சாகத்தோடு நடித்திருந்தார். சுனில் ஷெட்டியின் ஹரி சோப்ரா எந்த இடத்திலும் அவருக்கு இணையாக எழுதப்படவில்லை, பிற்பாதி காற்றுப் போனது. டாங் லீயும் சுடலையும் கிடைத்த படங்கள் ‘தர்பாரை’விடச் சிறந்த திரைக்கதை கொண்டவை என்று அடித்துச் சொல்ல முடியாது. நினைவில் நிற்பது மட்டும் அவைதான்.

வில்லனை ரசிப்பது சினிமா கொண்டுவந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் முருகதாஸின் ஊர் இருக்கும் பழைய தென்னார்க்காட்டுப் பக்கம் ஒரு பாரதக் கூத்து பார்க்க வேண்டும். எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை, கூவாகம் என்று இந்தப் பகுதி முழுக்கவே பாரதக் கதை ஊறிய மண். அரவானுக்குக் கோயில் எழுப்பிச் சித்திரையில் திருவிழா எடுக்கும் கூவாகம் உளுந்தூர்பேட்டை வட்டத்தில்தான் இருக்கிறது. திரௌபதை அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். அந்தக் கூத்தில் துரியோதனன் வருகிற வரவைப் பார்த்தால், நாயகன் யார் என்ற சந்தேகமே வந்துவிடும். திரைச்சீலையை இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். உள்ளிருந்து முதலில் குரல் மட்டும் வரும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வெளியே நின்று வருவது யார், எந்த நாட்டு ராஜா என்று கேட்டுக் கிண்டலடிப்பான். அதற்குப் பிறகு திரை விலகி, கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கண்ணாடிச் சில்லில் மின்ன, சலங்கை அதிர ஒரு சுற்று. மத்தளமும் முகவீணையும் உச்சத்தில் இருக்கும். தருமருக்கு இந்த ஆர்ப்பாட்டம் எடுபடாது. கிரீடமும் புஜக்கட்டையும் பூட்டும் கட்டை வேடங்களில் துரியோதனன், இரணியன், கீசகன் போன்றவைதான் கனமானவை. அவற்றை ஜமா எனப்படும் கூத்துக்குழுவில் தேர்ந்த ஆட்டக்காரருக்குத்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் இரவு இரண்டு மணிக்குக் கூட்டம் தூங்காமல் இருப்பது அவர் கையில்.

துகிலுரிதல் கூத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. துச்சாதனன் வேடக்காரர் சேலையைப் பற்றும் கட்டம் வரும்போது ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றிக் கும்பிடும் வழக்கம் இருக்கிறது. வேடம் செய்யும் பாவம் வேறு, வேடக்காரர் வேறு என்று எல்லோர் முன்னிலையிலும் பிரித்துக் காட்டும் சடங்கு அது. பதினெட்டாம் நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் பெரிதாகப் படுக்கவைத்து, பீமன் அவன் தொடையைப் பிளந்து முடித்த பிறகு, ஊர்க்காரர்கள் அந்த மண்ணில் ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். கெட்டவன் சாக வேண்டும். அதேசமயம் அவன் இல்லாமல் திருவிழா இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளத் தெரிந்த கூட்டம்தான் கள்ளக்குறிச்சிக் கொட்டகைகளிலும் வில்லன் வரவுக்கு விசிலடிக்கிறது. ‘ஸ்பைடரின்’ சுடலைக்கும் கூத்தின் வில்லன்களுக்கும் பொதுவான அமைப்பு ஒன்று இருக்கிறது: ஆளைக் காட்டும் முன் அவனைப் பற்றிய பேச்சை வரவிடுவது.

தமிழ் சினிமா இந்தப் பாடத்தை ஆரம்பத்திலேயே கற்றுக்கொண்டது. பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பு கேட்பதற்கென்றே கூட்டம் வந்தது. எம்.என். நம்பியார் கைகளைப் பிசைந்தால் போதும். ஆனால் அவர்கள் காலத்து ராஜா ராணிப் படங்கள் வில்லனை மட்டும் நம்பி இருக்கவில்லை. பாட்டும் வசனமும் கத்திச்சண்டையும் அவரவர் பங்கைச் செய்தன. வில்லன் நடிப்பு ஒரு படத்தின் முதுகெலும்பாகவே மாறுவது நகரத்து த்ரில்லர்கள் வந்த பிறகுதான். 1984இல் மணிவண்ணன் இயக்கிய ‘நூறாவது நாள்’ படத்தில் சத்யராஜ் மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக வந்தார். வசனம் மிகக் குறைவு. விஜயகாந்த், மோகன், நளினி என்று தெரிந்த முகங்கள் இருந்தும் சுவரொட்டியில் மக்கள் பார்த்தது அந்தத் தலையைத்தான்.

சுமாரான த்ரில்லரை ஒரு வில்லன் தனியாளாகச் சுமந்ததற்கு இன்னும் பொருத்தமான உதாரணம் ‘புரியாத புதிர்’. கே.எஸ். ரவிக்குமாரின் முதல் படம், 1990இல் வந்தது. சுனில் குமார் தேசாய் கன்னடத்தில் எடுத்த ‘தர்க்கா’வின் ரீமேக், அதற்கு மூலம் அகதா கிறிஸ்டி எழுதிய ஒரு நாடகம். ஓர் இரவில் ஒரு வீட்டுக்குள் நுழைபவன் அங்கே பிணத்தையும் அருகில் மனைவியையும் காண்கிறான் என்பது முடிச்சு. பிணமாகக் கிடப்பவர் ரகுவரன். செத்துப்போன கணவன் எப்படிப்பட்டவன் என்பதைப் பின்கதையில் காட்ட வேண்டிய பொறுப்பு அவருக்கு. மனைவியைச் சந்தேகப்பட்டே சித்திரவதை செய்யும் கணவனாக, தனக்கு எல்லாம் தெரியும் என்ற ஒரே சின்ன வாக்கியத்தை ஆங்கிலத்தில் மறுபடி மறுபடி சொல்வார். கெஞ்சலாக, கிண்டலாக, உறுமலாக, அழுகையாக, கடைசியில் அர்த்தமே இல்லாத சத்தமாக. இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் நிலைகுலைவதை முழுமையாகக் காட்டிவிட்டார். படத்தின் துப்பறியும் பகுதி இன்று பழையதாகத் தெரிகிறது. அந்தக் காட்சி மட்டும் இன்றும் நடிப்புப் பயிற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத் தகுந்தது. ஐந்தாண்டு கழித்து ‘பாட்சா’வில் மார்க் ஆண்டனியாக அவர் வந்தபோது கதை, நாயகன், இசை எல்லாமே பலமாக இருந்தன; அங்கே அவர் ஒரு பங்கு. ‘புரியாத புதிரில்’ அவரே பெரும்பங்கு.

வெளியே பார்த்தால், 1991இல் வந்த ராபின் ஹூட் படம் நினைவுக்கு வருகிறது. நாயகன் கெவின் காஸ்ட்னர். படம் நீளம், நாயகன் மந்தம். நாட்டிங்காம் ஷெரிஃபாக நடித்த ஆலன் ரிக்மன் வருகிற இடங்களில் மட்டும் படம் விழித்துக்கொள்ளும். பிரிட்டிஷ் திரைப்பட அகாடமி அந்த வேடத்துக்காக அவருக்குத் துணை நடிகர் விருது கொடுத்தது. தன்னைச் சுற்றியிருக்கும் படம் தன் அளவுக்கு இல்லை என்பதைப் புரிந்துகொண்டு அதையே விளையாட்டாக மாற்றிய நடிப்பு. சூர்யாவிடமும் அந்தச் சாமர்த்தியம் இருக்கிறது.

அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இயக்குநர் நாற்காலியிலிருந்து. வாசுதேவநல்லூர்க்காரரான சூர்யா 1999இல் இயக்கிய முதல் படம் ‘வாலி’யே ஒரு வில்லன் படம்தான். தம்பி மனைவிமேல் ஆசைப்படும் அண்ணன் தேவா, காது கேளாத, வாய் பேசாத பாத்திரம். உதடு அசைவைப் பார்த்தே பேச்சைப் படிப்பவன். அஜித் இரட்டை வேடத்தில் நடித்தார், நல்ல தம்பியை யாரும் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. பேசாத வில்லனின் முகத்தில் என்ன ஓட வேண்டும் என்று மற்றொரு நடிகருக்குச் சொல்லிக்கொடுத்தவர், பதினெட்டு ஆண்டு கழித்து, கேட்கும் வில்லனாகத் தானே நின்றார். இடையில் நாயகனாக அவர் பட்ட தோல்விகளும் இருக்கின்றன. 2015இல் ‘இசை’யை இயக்கி நடித்தபோது, பொறாமை பிடித்த மூத்த இசையமைப்பாளர் வேடத்தைச் சத்யராஜுக்குக் கொடுத்தார், சுவையான வேடம் எது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. 2016இல் கார்த்திக் சுப்பராஜின் ‘இறைவி’ அவரை நடிகராக மறுபடி நிறுத்தியது. அடுத்த ஆண்டு ‘ஸ்பைடர்’.

‘ஸ்பைடர்’ வந்து மூன்றே வாரத்தில், தீபாவளிக்கு, ‘மெர்சலில்’ டாக்டர் டேனியல் ஆரோக்கியராஜ். அந்தப் படம் விஜய்யின் மூன்று வேடங்களில் நடந்தது; வில்லன் இல்லாவிட்டாலும் ஓடியிருக்கும். 2021 நவம்பரில் வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ வந்தபோதுதான் சூர்யாவுக்கு இணையான திரைக்கதை ஒன்று வாய்த்தது. ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் கதை அது. முதலில் சாதாரண ஊழல் போலீஸ் அதிகாரியாக வரும் தனுஷ்கோடி, நாயகனைப் போலவே தானும் அதே சுழலில் மாட்டியிருப்பதைக் கண்டுபிடிக்கும் இடத்திலிருந்து படம் வேறு வேகம் எடுக்கிறது. நாயகனுக்கு இருந்த ஒரே சலுகை வில்லனுக்கும் கிடைத்துவிடுகிறது. எரிச்சல், களைப்பு, வெறி, நகைச்சுவை எல்லாவற்றையும் ஒரே முகத்தில் மாற்றி மாற்றிப் போட அந்தக் கதையமைப்பு இடம் கொடுத்தது. 2023 செப்டம்பரில் ‘மார்க் ஆண்டனி’யில் ஜாக்கி பாண்டியனாக அவர் செய்தது மறுகோடி: இரைச்சலான, தர்க்கம் பார்க்காத படத்தில் எல்லோரையும்விட அதிக இரைச்சலோடு ஆடி ஜெயித்தார். 2024 ஆகஸ்டில் வந்த தெலுங்குப் படம் தமிழில் ‘சூர்யாவின் சனிக்கிழமை’ என்று வெளியானது. அதில் இன்ஸ்பெக்டர் தயானந்த். சொந்த அண்ணன்மேல் இருக்கும் கோபத்தை அப்பாவிக் குடியிருப்பு மக்கள்மேல் அடித்துத் தீர்த்துக்கொள்ளும் அதிகாரி. நடிகர் நானி நாயகன் என்றாலும் விமர்சகர்கள் அதிகம் எழுதியது தயானந்தைப் பற்றித்தான்.

இந்த வரிசையில் ஒரு நடிகரின் வளர்ச்சி தெரிகிறது, கூடவே ஓர் ஆபத்தும். வெடிப்பு பிடித்துப்போனதும் இயக்குநர்கள் வெடிப்பையே கேட்கிறார்கள். சுடலையிடம் இருந்த அடக்கம் அடுத்தடுத்த வேடங்களில் கரைந்துகொண்டே வந்தது. கைதட்டல் கூடிய அளவுக்குப் பயம் கூடவில்லை. ‘மார்க் ஆண்டனி’யைப் பார்த்துச் சிரிக்கலாம், யாரும் இரவில் நினைத்துக்கொள்ளப் போவதில்லை.

வில்லன் நடிப்பால் எதை மீட்க முடியாது என்பதையும் ‘ஸ்பைடரே’ காட்டுகிறது. பிற்பாதியில் படம் சுடலையைப் பேரழிவுக்காரனாக மாற்றுகிறது. மலைச்சரிவிலிருந்து பெரும்பாறை நகரத்துக்குள் உருண்டு வருகிறது. மருத்துவமனையில் நீண்ட கிளைமாக்ஸ். பாறையின் முன்னால் நடிகருக்கு வேலை இல்லை. ஒருத்தி அழுவதைக் கேட்டுக் கண்மூடி நின்றவன் பயங்கரமாக இருந்தான். ஊரையே இடித்துத் தள்ளுபவன் கணினி வரைகலைக்குத் துணை நடிகனாகிவிட்டான். பாத்திரத்தின் அடிப்படையே இங்கே மாறிப்போகிறது. சுடலைக்கு வேண்டியது தனி மனிதர்களின் அழுகை, அதன் நுணுக்கம். ஆயிரம் பேரின் கூச்சலில் அவன் எதைக் கேட்பான்? அவனுடைய தம்பியாக வந்த பரத்துக்கும் போதிய இடம் கிடைக்கவில்லை. இரண்டு சகோதரர்களுக்கு நடுவே என்ன பாசம் என்பதைச் சொல்லியிருந்தால், அழுகையை ரசிப்பவன் தானே அழவேண்டி வந்தால் என்ன ஆவான் என்ற கேள்விக்குப் படம் பதில் தேடியிருக்கலாம். கையில் இருந்த பெரிய சீட்டை முருகதாஸ் விளையாடவேயில்லை.

அதே 2017 பிப்ரவரியில் வந்த ‘போகன்’ வேறு வகையில் தடுக்கியது. ‘தனி ஒருவன்’ சித்தார்த் அபிமன்யுவுக்குப் பிறகு அரவிந்த்சாமியின் வில்லத்தனத்துக்குப் பெரும் எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் கூடுவிட்டுக் கூடு பாயும் கதை என்பதால் இடையிலேயே வில்லனின் உயிர் ஜெயம் ரவியின் உடலுக்குப் போய்விடுகிறது. அரவிந்த்சாமி நல்லவனாக நடிக்க வேண்டியதாகிறது. இருவரும் திறமையாகவே செய்தார்கள். இருந்தும், படத்தைத் தாங்கிக்கொண்டிருந்த கவர்ச்சி இரண்டாகப் பங்கு பிரிந்ததும் படம் பாரத்தை இறக்கி வைத்துவிட்டது.

கவர்ச்சியான வில்லன்களைப் பற்றிப் பேசும்போது ஒரு சங்கடமான பக்கத்தையும் தள்ளிவிட முடியாது. சுடுகாட்டில் பிறந்ததையே கொடூரத்துக்குக் காரணமாகக் காட்டுவது சோம்பேறித்தனமான எழுத்து. சாவுக்கு நடுவே பிழைக்கும் மனிதர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், சாதி அவர்களை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. அவர்களைப் பற்றிய அச்சத்தைப் படம் கேள்வி கேட்காமல் பயன்படுத்திக்கொள்கிறது. சூர்யாவின் நடிப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தக் குறையை அது மறைக்கத்தான் செய்கிறதே தவிர, சரிசெய்வதில்லை. இன்னொரு கோணத்தில் 2023இல் ‘மாமன்னன்’ பட்ட பாடு தெரிந்ததே. மாரி செல்வராஜ் சாதி வெறியனாக எழுதிய ரத்தினவேலுவை ஃபகத் ஃபாசில் அவ்வளவு ஈர்ப்போடு நடித்ததால், படம் எதைக் கண்டித்ததோ அதையே கொண்டாடும் காணொளித் துண்டுகளாக அந்தக் காட்சிகள் வெட்டி ஒட்டப்பட்டுச் சமூக ஊடகங்களில் சுற்றின. கூத்தில் துச்சாதனன் கற்பூரம் ஏற்றுவதைப் போல விலக்கி நிறுத்தும் ஏற்பாடு எதுவும் சினிமாவுக்குக் கிடையாது. அதை எழுத்தும் இயக்கமும்தான் செய்தாக வேண்டும்.

இந்தக் குறைகளோடு சேர்த்து எடைபோட்டாலும் ‘ஸ்பைடர்’ தூக்கிப்போட வேண்டிய படம் இல்லை. முருகதாஸ் எழுதிய வில்லன்களில் கருத்தளவில் மிகப் புதியவன் சுடலை. சூர்யா செய்த வில்லன் வேடங்களில் மிக அடக்கமானதும் அதுவே. முழுமையான படமும் வலுவான வில்லனும் ஒன்றாக வேண்டும் என்பவர்கள் ‘மாநாடு’ பார்க்கலாம். சூர்யாவின் நடிப்புக்காக மட்டும் ‘ஸ்பைடர்’ பக்கம் போகிறவர்கள் சுடுகாட்டுப் பின்கதையில் தொடங்கி, இல்லத்தரசிகள் அவனை மடக்கும் காட்சி வரை பார்த்தால் போதும். பாறை உருளத் தொடங்கியதும் எழுந்து போனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.